வேகவதிக்கு நடுவே நாற்பது வீடுகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அரக்கோணத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரோட்டிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. என் மாமியார் தனபாக்கியம் அதற்குள் தலையை வாரி முடிந்துகொண்டு, காஞ்சிபுரம் வண்டி எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். காபி இருபது பைசா. பதினெட்டு மைலுக்கு டிக்கெட் ஆளுக்குத் தொண்ணூறு பைசா. அறுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் அது.

காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கல்யாணப் புடவைக்குப் போவார்கள். நாங்கள் போனது ஒரு கடிதத்துக்காக.

அத்தை பிறந்தது அந்த ஊரில் நடுத்திட்டு என்ற இடத்தில். வேகவதி ஆறு அங்கே இரண்டாகப் பிரிந்து, நாற்பது வீடுகளைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. எல்லாம் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற வீடுகள். தாய் இறந்தபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயது, தம்பி ஏகாம்பரத்துக்கு இரண்டு. தூக்கி வளர்த்தது அத்தைதான். கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்த பிறகு, புகுந்த வீட்டுச் சொந்தத்திலேயே தம்பிக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்தார். தம்பியோ தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பெண் நாகமணியைக் கட்டிக்கொண்டார். இனி அந்தத் திட்டில் காலை வைக்க மாட்டேன் என்றார் அத்தை. இருபத்திரண்டு வருடம் வைக்கவில்லை. தம்பி எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை.

இந்தக் கடிதம் நாகமணி எழுதியது. நான்தான் படித்துக் காட்டினேன். ‘அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. வேலூர் வரை போய்க் காட்டியாயிற்று. நரம்புக் கோளாறு, நிற்காது என்கிறார்கள். முகம் தெரிகிறபோதே ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.’ அத்தை கேட்டுவிட்டு வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க, அம்மிணி” என்றார். என் கணவருக்கு லீவு இல்லாததால், நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுத் துணைக்குக் கிளம்பினேன்.

எட்டரை மணிக்குக் காஞ்சிபுரம் ஸ்டேஷன். வெளியே ஒரே ஒரு குதிரை வண்டி நின்றது. நடுத்திட்டு என்றதும் வண்டிக்காரர் சிரித்தார். “ஆத்துல தண்ணி ஓடுதுமா. கரை வரிக்கும்தான் வண்டி. ஒன்னாருவா குடுங்க.”

“கரை வரிக்கும் எனக்கு வழி தெரியும்பா. ஒரு ரூபா வாங்கிக்கினு ஓட்டு” என்றார் அத்தை.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் ஐந்து வருடமாக ‘வாங்க, போங்க’ என்று ஈரோட்டுப் பேச்சு பேசியவர் வாயிலிருந்து அந்த ‘வாங்கிக்கினு’ வந்தது அவருக்கே தெரியவில்லை. கோபுரங்கள் மழையில் கரைந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் கையைக் குவித்தாரே தவிர, அவர் கண் சாலையை விட்டு அகலவில்லை. பிள்ளையார்பாளையத்தில் வண்டி நுழைந்ததும் இருபுறமும் தறிச் சத்தம். அதைத் தாண்டி ஒரு மைல்.

ஆறு வழக்கமாக மணல்தான் என்று ரயிலில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தது செம்மண் நிறத்தில் சுழித்து ஓடிய வெள்ளம். கரைக்கும் திட்டுக்கும் இடையே நூறு அடி இருக்கும். அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள், ஒரு மருத மரம், புகைந்துகொண்டிருந்த அடுப்புகள். இந்தப் பக்கம் ஒரு கல்தூண். தூணிலிருந்து மருத மரத்துக்கு, மணிக்கட்டு பருமனில் ஒரு வடம் கட்டியிருந்தது.

தூணுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காதர் பாய் குடையோடு வந்தார். அறுபது வயதிருக்கும். கயிறு திரிக்கிற குடும்பம். அந்த வடம் அவர் பொறுப்பு.

“இன்னிக்கி ஆவாதுமா. தண்ணி அறுத்துக்கினு போவுது. நாளைக்கிப் பாக்கலாம்” என்றவர், அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தார். “யா அல்லா! நீ ஏகாம்பரத்தோட அக்கா இல்ல?” உடனே கையை வாயருகே குவித்து அக்கரைக்குக் குரல் கொடுத்தார்.

சிறிது நேரத்தில் ஒரு பெண் ஓர் ஆணைக் கையைப் பிடித்து மருத மரத்தடிக்கு அழைத்து வந்தாள். இடுப்பு வேட்டி மட்டும் கட்டிய ஒல்லியான மனிதர். இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. எங்கள் பக்கம் திரும்பினார். ஆனால் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்கு நாலு அடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு பாய்?” என்று கத்தினார்.

பாய் அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அக்கரையில் அவர் மறுபடி, “யாருன்னு சொல்லுங்களேன்!” என்றார். மழை வலுத்தது.

“டேய் ஏகா!” என்று அத்தை திடீரென்று அலறினார். “மழையில நனையிறியேடா! சட்ட போட்டுக்கினு வரக்கூடாது?”

அந்த மனிதர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த பெண் தன் முந்தானையை எடுத்து அவர் தலைமேல் பிடித்தாள். ஆற்றின் இரைச்சலில் அழுகை கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

அன்று பாயின் வீட்டில் தங்கினோம். மதியம் அவர் மனைவி புதுப் பானையும் அரிசியும் தனியாக எடுத்து வைத்து, “நீங்களே பொங்கிக்கிறீங்களாமா?” என்று தயக்கத்துடன் கேட்டார். “இதே வாசல்ல உங்க மாமியார் கையால எவ்ளோ தின்னிருக்கேன், போடும்மா” என்றார் அத்தை.

சாப்பிட்ட பிறகு நான் திட்டின் கதையைக் கேட்டேன். பாய் சொன்னது இது. ஆற்காட்டு நவாப் காலத்தில் ஆறு ஒரே கிளையாகத் தெற்கில் ஓடியது. ஒரு பெருமழையில் கரையை உடைத்துக்கொண்டு வடக்கிலும் ஒரு வழி பிடித்தது. சாயக்காரர்களின் தெரு நடுவில் மாட்டிக்கொண்டது. அப்போது நவாபின் பாளையத்தில் கூடாரத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்த பாயின் முன்னோர் ஒருவர், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப்போய் மருத மரத்தில் கட்டினார். சாயம் காய்ச்சும் செப்புக் கொப்பரைகளில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் கரையேறினார்கள். வெள்ளம் வடிந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தத் தண்ணீரில் அலசினால் சிவப்பு நிற்கிறது, வேறு எங்கும் நிற்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. கயிற்றுக்காரருக்குக் கரையில் இடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வருடாவருடம் ஐப்பசிக்கு முன் வடம் புதுசாகும். நார் சாயக்காரர்கள் வாங்கித் தருவது, திரிப்பது பாய் வீடு.

“இதற்குக் கல்வெட்டு, பட்டயம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

“கல்வெட்டு இன்னாத்துக்குமா? அதான் கயிறு கட்டிக்கினு இருக்குதே” என்றார் பாய்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. வானம் வெளிறியது. கொப்பரையைக் கொண்டுவந்து வடத்தோடு வளையம் போட்டுக் கட்டினார்கள். இரண்டு பேர் குந்தி உட்காரலாம். செம்பின் உள்ளே எத்தனையோ வருடச் சாயம் ஏறி, கரும்பச்சையாக இருந்தது. நானும் அத்தையும் ஏறியதும், பாய் இங்கிருந்து ஒரு கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க, அக்கரையில் இருந்தவர்கள் இன்னொன்றை இழுக்க, கொப்பரை வடத்தை ஒட்டி ஆடிக்கொண்டே நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை மூடவில்லை.

முக்கால்வாசி தூரத்தில் ஒரு சுழிப்பு பிடித்துக்கொண்டது. கொப்பரை சுற்றியது, தண்ணீர் உள்ளே வாரியது. கரையில் நின்ற நாகமணி யாரையும் கேட்காமல் ஆற்றில் இறங்கிவிட்டாள். மார்பளவு தண்ணீர். ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொப்பரையின் விளிம்பைப் பற்றி, “ஒதினே, என் தோள பிடிச்சிக்கோங்க!” என்றாள். தெலுங்கில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் பெயர்கூடச் சொல்லாத பெண்ணின் தோளை அத்தை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கரையேறும்வரை விடவில்லை.

ஏகாம்பரம் மாமா அத்தையை வெளிச்சத்துக்கு, வாசற்படிக்கு இழுத்துப்போனார். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். சாணளவு தூரத்தில் மட்டும்தான் அவருக்கு உருவம் தெரியும். “முடியெல்லாம் வெளுத்துடிச்சேக்கா” என்றார். “நீ மட்டும் இன்னா, அப்படியேவா கீற?” என்றார் அத்தை.

மதியம் சாயக் கொட்டகையில் நடந்ததைத்தான் நான் மறக்க முடியாது. கொப்பரையில் நூல் கொதிக்கிறது. மாமா கழியால் நூல் சிட்டத்தைத் தூக்கித் தூக்கித் திருப்புகிறார். நிறம் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று நாகமணி சொல்கிறாள்: “இன்னும் ஏறல... செங்கல்லு மாதிரி இருக்குது... இப்ப மாதுளம்பூவு... இரு, இரு... இப்ப அரக்கு. எடுத்துடு.” அவர் உடனே எடுக்கிறார். கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை. அத்தை ஒரு மூலையில் நின்று அந்த இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆற்றில் நனைந்த நாகமணியின் தலைமுடி அப்போதும் காயவில்லை. வேலை முடிந்ததும் அத்தை அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, துண்டால் துவட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நாகமணியும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மருத மரத்தடியில் மாமா கேட்டார்: “அக்கா, இன்னிக்கி இன்னா கலர் பொடவ கட்டிக்கினு கீற?”

“என்ன ஏன்டா கேக்கற? உன் பொண்டாட்டிய கேளு.”

நாகமணி நாத்தனாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “மயில்கழுத்து” என்றாள் மெதுவாக. “ஓரம் எலுமிச்ச. ஒதினெக்கு ரொம்ப நல்லா இருக்குது.”

ஈரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து காவிரி அரை மைல். இந்த வேகவதியைப்போல் பத்து மடங்கு அகலம். ஆனால் அதன்மேல் பாலம் இருக்கிறது, எந்த மழைக்கும் பஸ் நிற்காது. அக்கரைக்காரர்களைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்கவேண்டிய தேவையே வந்ததில்லை.

அரக்கோணத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது அத்தை கேட்டார்: “உங்க முழுப்பரீட்சை லீவு எப்ப வருது, அம்மிணி?”

“ஏப்ரல் கடைசியில, அத்தை.”

அவர் விரலை மடக்கினார். கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. ஐந்து விரலும் மடங்கிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொங்கலுக்கே போகலாம் அத்தை” என்றேன்.

பொங்கலுக்குப் போனோம். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். மாமாவுக்கு அப்போதும், கொஞ்சம் மட்டும், அக்காவின் முகம் தெரிந்தது.