மாப்பிள்ளை முகத்தில் பதினாறு நிறம்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகிறவனுக்கு உள்ளே நுழைந்ததும் காபி கிடைக்கும். வேலை முடியாமல் எழுந்தால் அவன் செருப்பை அவனேதான் தேட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கம் நான் அப்படிச் செருப்புத் தேடிய வீடுகள் நிறைய. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, ஒரு படத்தைத் திறந்ததும் திரை உறைந்துபோய், தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரையில் படத்தை வரவழைக்கிற டிரைவர் என்ற மென்பொருள் கெட்டால் அப்படித்தான் ஆகும்.

நாலு பிளாப்பி

ஆரோக்கியசாமி சார் காரைக்குடியில் கணக்கு வாத்தியார். வீட்டுக் கம்ப்யூட்டர் உறைகிற ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். பழைய டிரைவரை எடுத்துவிட்டு, அவரிடமிருந்த சி.டி.யிலிருந்து புதிதாக ஏற்றினேன். அரை மணி நேர வேலை. கிளம்பும்போது அதையே பிளாப்பியிலும் ஏற்றித் தரச் சொன்னார். நாலு பிளாப்பி பிடிக்கும். சி.டி. பத்திரமாக இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கு எரிச்சல்; சொல்லியும்விட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பரீட்சைக்கு ரெண்டு பேனா கொண்டு வராத பயலை நான் உள்ளயே விட மாட்டேன் தம்பி. உக்காந்து எடுங்க."

பதினாறு நிறம்

பள்ளத்தூரில் சொக்கலிங்கம் ஐயா வீட்டில் இருந்ததும் அதே ரகக் கம்ப்யூட்டர், நான் விற்றதுதான். அவர் மகள் உமையாளுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், தன் படத்தையும் பிளாப்பியில் கொடுத்தனுப்பிவிட்டார். ஜாதகம் பொருந்திவிட்டது. அன்று சாயங்காலம் போனில் பதில் சொல்ல வேண்டும். படத்தைத் திறந்தால் மெஷின் நின்றுவிடுகிறது.

கெட்டுப்போன டிரைவரை நீக்கினேன். படம் திறந்தது. ஆனால் டிரைவர் இல்லாத திரையில் பதினாறு நிறம்தான் வரும். மாப்பிள்ளையின் கன்னத்தில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுகள். இது மெஷின் கோளாறு, முகத்தில் ஒன்றுமில்லை என்றேன். ஐயா நம்பவில்லை. பிளாப்பியைக் கடைக்கு எடுத்துப்போய் வேறு மெஷினில் பார்க்கலாம் என்றால், வரன் படம் வெளியே போகக் கூடாது என்றார். உமையாள் கதவோரம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்:

"நீங்க வர்ற வரைக்கும் பையன் முகத்தையே பாக்கலை. நீங்க வந்து காமிச்சது இதைத்தான். நான் எதைத் தம்பி நம்புறது?"

பேர் வெட்டிய சி.டி.

புது டிரைவரை ஏற்ற சி.டி. வேண்டும். உமையாளின் அம்மா, அந்த வீட்டு ஆச்சி, பீரோவைத் திறந்து துணியில் சுற்றிவைத்த சி.டி.யை எடுத்து வந்தார். உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மெஷின் கைவிரித்தது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில் 'சொ. உமை' என்று ஆழமாக வெட்டியிருந்தது. கல்யாணச் சாமானுக்குப் பேர் வெட்ட ஆள் வந்தபோது தட்டு, தம்ளரோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி அது ஓடாது. என்னிடமும் வேறு பிரதி இல்லை. ஒன்று எடுத்துவைக்கும் புத்தி எனக்கு வந்ததில்லை. நான் கைவைத்ததால் ஒரு சம்பந்தம் கெட்டுப்போகிறதே என்று பதறினேன். ஆச்சி மட்டும் நிதானமாக இருந்தார்:

"பேர் வெட்டாத சாமான் பங்காளி வீட்டுக்குப் போயிட்டா, அது நம்மளுதுன்னு எப்படிச் சொல்லுவீக?"

உமையாள் சொன்னது

பஸ் பிடித்துக் காரைக்குடி வந்து, ஆரோக்கியசாமி சாரிடம், அவருடைய ஒரே சி.டி.யை வாங்கிப்போக மனமில்லாமல், அந்த நாலு பிளாப்பியைக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. எனக்கு அதுதான் அதிகம் குத்தியது. நாலு மணி வாக்கில் பள்ளத்தூர் திரும்பி, ஒவ்வொன்றாக ஏற்றி, மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். படம் வந்தது. மாநிறம், கொஞ்சம் வெட்கப்பட்ட சிரிப்பு, ஒரு திட்டும் இல்லை. ஐயா முகமும் தெளிந்தது. "சரின்னு சொல்லிருவோம்" என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டுப் போன் பக்கம் நடந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காலையிலிருந்து பேசாமல் நின்ற உமையாள் அப்பாவை நிறுத்தினாள்:

"திட்டு இருந்தப்பவே எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு அப்பச்சி. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே."

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், படம் யாருக்குச் சரியில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் ஸ்குரூ டிரைவரையே எடுக்கிறேன்.