மாலாவை எழுதியவள்

சிவானுஜா இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. போர்கோ வெக்கியோவில் என் பலசரக்குக் கடைக்கு எதிர்ச் சந்துக்குள் அவர்களுடைய வீடு. தாய் சிவமலர் வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். தகப்பன் கோபாலசிங்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். பெண் படிப்பில் கெட்டிக்காரி. இந்த ஊர்ச் சனத்தைப் போலவே இழுத்து இழுத்து இத்தாலியன் கதைப்பாள். ஆனாலும் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு, எங்கள் பிள்ளைகளில் பலரைப் போல, தாயோடு சேர்ந்து வீடு கூட்டப் போனாள்.

2011இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக் குழு அந்த உணவகத்துக்குச் சாப்பிட வந்தது. பலெர்மோ வக்கீல் குடும்பம் ஒன்றின் கதை. திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒளிபரப்பாகும். கதையில் வரும் வீட்டுக்கு ஒரு வேலைக்காரி தேவைப்பட்டாள். பேச வேண்டியதில்லை, விளக்குமாறோடு நின்றால் போதும் என்றார்கள். கோபாலசிங்கம் மகளின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் அவளை ஒரே அறையைப் பதினோரு தடவை கூட்ட வைத்தார்கள். பன்னிரண்டாம் தடவை இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டிக்கொண்டே உன்னுடைய மொழியில் ஏதாவது முணுமுணு, என்ன சொன்னாலும் சரி, யாருக்கும் விளங்கப் போவதில்லை என்றார். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நிலம் சுத்தமாத்தானே கிடக்கு. பிறகேன் திருப்பித் திருப்பிக் கூட்டச் சொல்லுகினம்?"

அது அப்படியே ஒளிபரப்பானது. பலெர்மோவில் ஒரு தமிழ் வீடும் பாக்கியில்லாமல் சிரித்தது. என் கடைக்கு வந்தவர்கள் ஒரு மாதமாக அதையே சொல்லிச் சொல்லிச் சாமான் வாங்கினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் டொனத்தெல்லாவின் வீட்டில் வேலை செய்தவளும் ஒரு தமிழ்ப் பெண். அவள் சிரிப்பதைப் பார்த்து என்ன விசேஷம் என்று டொனத்தெல்லா கேட்டபோது அவள் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் டொனத்தெல்லா சிவானுஜாவைக் கூப்பிட்டு, மாலா என்ற அந்த வேலைக்காரி இனிமேல் பேசுவாள், அவள் பேச வேண்டியதை நீ எழுது என்றாள்.

மாலா பேசத் தொடங்கியதும் அந்தப் பாத்திரத்தை ரோமிலிருந்து வந்த ஒரு தொழில்முறை நடிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். சிவானுஜாவின் முகத்தில் சோகம் போதாது என்பது காரணம். அவள் மறுப்புச் சொல்லவில்லை. அந்த நடிகைக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ழகரமும் ளகரமும் சொல்லிக் கொடுத்தவளும் இவள்தான்.

ஏழு வருடம் எழுதினாள். முதல் மூன்று வருடமும் அவளுக்கு மொழி ஆலோசகர் என்று பெயர். எழுத்தாளர்களின் மேசையில் அவளுக்கு ஒரு கதிரை கிடைத்தது, ஆனால் வக்கீலின் மனைவி என்ன சொல்லுவாள் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. மாலாவைப் பற்றி மட்டும் கேட்பார்கள். வக்கீல் வீட்டுக்காரரைப் போன்றவர்களின் வீடுகளுக்குள் மற்ற எழுத்தாளர்கள் எல்லோரையும்விட அதிக நேரம் நின்றவள் அவள்தான். அதை எடுத்துச் சொல்லியும் பார்த்தாள். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். நாலாம் வருடம்தான் எழுத்தாளர் வரிசையில் அவளுடைய பெயர் வந்தது. அது திரையில் ஓடி மறையும் வேகத்தில் கோபாலசிங்கத்தால் வாசிக்க முடியவில்லை. டிவியை நிறுத்தி நிறுத்திப் போட மகள் பழக்கிவிட்டாள்.

2018 பனிக்காலத்தில் தொடரைப் பார்ப்பவர்களின் தொகை குறைந்தது. ரோமில் இருந்த தயாரிப்பாளர்கள் ஒரு திருப்பம் கேட்டார்கள். மாலா வீட்டுக்காரியின் மோதிரத்தைக் களவெடுக்க வேண்டும். தம்பியின் பெர்மெசோவுக்காக, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரத்துக்காக, அழுதழுது எடுப்பாள். சிவானுஜா மாட்டேன் என்றாள். பலெர்மோவில் ஆயிரக்கணக்கான வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் எங்கள் பெண்களின் கைப்பைகளுக்குள் கிடக்கின்றன, இதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தாள். டொனத்தெல்லா நல்ல மனுசிதான். கூட்டம் முடிந்த பிறகு அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்:

"எப்படியும் இது எழுதப்படும். நீ எழுதாவிட்டால் மாலாவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் எழுதுவான்."

இரண்டு நாள் யோசித்தாள். மத்தியானத்தில் என் கடை பூட்டியிருக்கும் நேரம் பின்னறையில் இருந்து எழுதுவது அவள் வழக்கம். இந்தக் காட்சியையும் அங்கேதான் எழுதினாள். முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு போனாள். நல்ல காட்சிதான். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ரோமிலிருந்து பூங்கொத்து வந்தது.

வன்னியிலிருந்து சண்டைக்குப் பிறகு வந்த நிசாந்தி அப்போது ஒரு வயதான இத்தாலியச் சிக்னோராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் இருவரும் ஒரே சோபாவில் இருந்து அந்தத் தொடரைப் பார்ப்பார்கள். மோதிரக் காட்சி வந்து மூன்று கிழமைக்குள் சிக்னோராவின் மகன் வேறு ஆள் பார்த்துவிட்டதாக நிசாந்தியிடம் சொன்னான். ஒருவரும் அவளைக் கள்ளி என்று சொல்லவில்லை. ஆனால் வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது. குவெஸ்தூராவில், வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கும் போலீஸ் அலுவலகத்தில், அவளுக்கு அடுத்த மாதம் தவணை கொடுத்திருந்தார்கள்.

அவள் நேரே சிவானுஜாவின் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வந்தவளில்லை. வேறு வேலை ஏதும் இருக்கிறதா என்று சிவமலரிடம் கேட்க வந்திருந்தாள். சிவானுஜா கதவடியில் நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் நிசாந்தி அவளை இடைமறித்தாள்.

"நீங்கள் எழுதினது நல்லாத்தான் இருந்தது அக்கா. சிக்னோராவும் அழுதவா. அழுதிட்டு எழும்பிப் போய் அலுமாரியைப் பூட்டினவா."

சிவமலர் அடுப்படியில் நின்று இதைக் கேட்டார். நிசாந்தியை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். தான் வேலை செய்யும் டாக்டர் வீட்டுக்கு அங்கேயே போன் எடுத்து, ஆள் ஒன்று இருக்கிறது, ஒப்பந்தத்தோடு எடுங்கள், நான் பொறுப்பு என்றார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிவமலருக்கு அங்கே இருந்த கிழமையில் மூன்று நாள் வேலை போனது. நிசாந்தி போன பிறகுதான் மகளிடம் வாய் திறந்தார்.

"இருபத்தாறு வருசமா மற்றவையின்ரை திறப்பு என்ரை கையிலை. ஒருநாளும் ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இனிக் கேட்பினம்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் தாயும் மகளும் சரியாகக் கதைக்கவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று சிவானுஜா கடிதம் எழுதி வைத்திருந்தாள். கடையில் எனக்கு வாசித்தும் காட்டினாள். ஆனால் கொடுக்கவில்லை. எழுதுகிறவளால் ஒன்றையும் மறிக்க முடியாது கிருபன் அண்ணை, எது எழுதப்பட வேண்டும் என்று முடிவெடுக்கிற அறை வேறு என்றாள். அந்த அறைக்குள் போவது என்று முடிவெடுத்தாள். அதற்கு மூன்று வருடம் பிடித்தது. பகலில் படப்பிடிப்பு அட்டவணை, ஆட்களின் சாப்பாடு, வாகனம், நகரசபை அனுமதி என்று தயாரிப்பு வேலைகளைப் பழகினாள். சனி ஞாயிறில் எழுதினாள். 2021இல் அவளுடைய பெயர் தயாரிப்பாளர் வரிசையிலும் வந்தது. அதற்குள் மோதிரக் கதை பழங்கதையாகிவிட்டது. அதை அழிக்க ஒருவராலும் முடியாது. மாலாவுக்கு இனிமேல் அப்படியொன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடிந்தது, அதற்கும் கூட்டத்துக்குக் கூட்டம் வாதாட வேண்டியிருந்தது. 2023இல் தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அவள் தன்னுடைய கதையைத் தூக்கிக்கொண்டு ரோமுக்கு அலைந்தாள். பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டைப் பகிர்ந்து வாழும் மூன்று தமிழ்ப் பெண்களின் கதை, அரை மணி நேரமாக ஆறு பகுதி. இதில் கொலை எங்கே என்று கேட்டார்கள். மாஃபியா எங்கே என்று கேட்டார்கள். மூன்று பேரில் ஒருத்திக்காவது இத்தாலியக் காதலன் வேண்டாமா என்று கேட்டார்கள். ஒன்பது தடவை திருத்தி எழுதினாள். கொலைக்கும் மாஃபியாவுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காதலனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்து ஒருத்தனைச் சேர்த்தாள். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டாள்.

நிசாந்தியை நடிக்கக் கேட்டாள். நிசாந்தி முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் கடைப் பின்னறைக்கு வந்து, சிவானுஜா வாசிக்க வாசிக்கக் கேட்டாள். இப்படி ஒருத்தரும் கதைக்காயினம், களைச்சு வந்தவை இவ்வளவு நீட்டிக் கதைப்பினமோ என்று பாதி வசனத்தை வெட்டச் சொன்னாள். சிவானுஜா வெட்டினாள். திரையில் பெயர் போடவா என்று கேட்டதற்கு, என்ரை பேர் உங்கை வேண்டாம் அக்கா என்றாள். இன்னும் அந்தக் கோபம் இருக்கிறதோ என்னவோ, சிவானுஜா கேட்கவில்லை.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், பலெர்மோ முழுவதும் கடற்கரையில் கிடக்கிற நேரம், பின்னேரம் மூன்று மணிக்கு அதைப் போட்டார்கள். பார்த்தவர்கள் குறைவு. பார்த்த இத்தாலியர்கள் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லையே என்றார்கள். பார்த்த எங்கள் ஆட்களில் சிலர், நாங்கள் ஒரே குளியலறைக்கு அடிபடுவதை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று சிவமலருக்குப் போன் எடுத்தார்கள். சிவமலர் அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் ஆறு பகுதியும் பார்த்தார். ஐந்தாவதில் கொஞ்சம் நித்திரையாகிவிட்டார், அன்று இரண்டு வீடு செய்துவிட்டு வந்திருந்தார். முடிந்ததும் மகளிடம், அந்த நடுப் பிள்ளை நல்லாச் செய்யுது என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் பருவம் வருமா என்று தொலைக்காட்சிக்காரர் இன்னும் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

போன மாதம் ரோமிலிருந்து காலை விமானத்தில் வந்திறங்கி நேரே கடைக்கு வந்தாள். புதிதாக ஒரு மருத்துவமனைத் தொடர், அதில் அவள் தயாரிப்பாளர்களில் ஒருத்தி. கதையில் ஒரு பிலிப்பீன்ஸ் தாதி இருக்கிறாளாம். முதல் கூட்டத்திலேயே, இந்தத் தாதியை எழுத ஒரு பிலிப்பீன்ஸ் ஆளை எடுங்கள், ஆலோசகராக வேண்டாம், எழுத்தாளராக எடுங்கள், டாக்டரையும் அவளே எழுதட்டும் என்றாளாம். ஒருவரும் மாட்டோம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒப்பந்தத்தில் ஏற்ற இரண்டு மாதமும் ஏழு பயணமும் எடுத்தது. நேற்று அந்தப் பெண் கையெழுத்து வைத்தாள் என்றாள்.

நல்ல விசயமல்லோ என்றேன்.

"ஓம், நல்ல விசயம்தான். நான்தான் களைச்சுப் போனன் அண்ணை. பத்து நிமிசத்திலை என்னை எழுப்பிவிடுங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண் டொக்டரிட்டைப் போகவேணும்."

அரிசி மூட்டையில் தலையைச் சாய்த்தாள். நான் இருபது நிமிடம் கழித்துத்தான் எழுப்பினேன். நேரத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தாயைக் கூப்பிடப் போனாள்.