அறுந்த கம்பி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரான சிலிபினில் எங்களுக்கு ஒரு ராக் இசைக்குழு இருந்தது. கிதார் நான்தான். பெயர் எழுதாத ஒரு கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதிலிருந்த கிதார் வாசிப்பை இம்மி பிசகாமல் பழகி வைத்திருந்தேன். நம் ஊரில் இப்படி வாசிக்க ஆள் ஏது, வெள்ளைக்காரன்தான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கல்யாணத்தில் அதை வாசித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். நாற்காலி ஏற்றி வந்த லோரி டிரைவர் பக்கத்தில் வந்தார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா நடுவுல ஒரு எடத்துல ஏன் தாவுறீங்க?"

"அசலே அப்படித்தான் அண்ணே. வெள்ளைக்காரன் வாசிச்சது, உங்களுக்குப் புரியாதுலா."

அவர் கோபப்படவில்லை. "ஒரு கச்சேரியில அந்த எடத்துலதான் எனக்குக் கம்பி அறுந்துச்சு. சமாளிக்கத் தாவினேன். யாரோ டேப்புல பிடிச்சிருக்காங்க போல."

நம்பாமல் கிதாரை நீட்டினேன். வாசித்தார். அதே விரல், அதே வேகம். அந்த இடம் வந்தபோது தாவவில்லை. நான் ஒருநாளும் கேட்டிராத நாலு சுரங்களை வாசித்துக் கடந்தார். கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

அவருடைய தவறைக்கூட இரண்டு வருடம் உட்கார்ந்து பாடம் பண்ணியவன் நான். அன்று அவர் பெயரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.