பூசணிக்காய் சுற்றாத ராக்கெட்

இதை எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து எழுந்து போனதிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. அதிகம் படிக்காதவன். பெரிய மனிதரைப் பற்றித் தப்பாக ஏதும் எழுதிவிடுவேனோ என்ற பயம். அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார் டைரக்டர் ஐயா. மனைவி காலமான பிறகு, மலையைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காலத்தைக் கழிக்க வந்தவர். ஒரு பையன் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய்த் திரும்பும் கதையை அந்தக் காலத்திலேயே படமாக எடுத்தவர். பையனின் அம்மாவாக நடித்தது அவர் மனைவிதான். ராக்கெட் கிளம்புமுன் அந்த அம்மாள் அதற்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார். "அவ நடந்து, பேசி நான் பார்க்கறதுக்கு இந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு" என்பார் ஐயா.

அதை வெளிநாட்டில் வெளியிட ஒரு கம்பெனி கேட்டது. சுருக்கித் தரவேண்டுமாம். சென்னையிலிருந்து எடிட்டர் ஒருவர் கம்ப்யூட்டரோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

"ராக்கெட்டுக்குப் பூசணிக்கா சுத்தினா அங்க சிரிப்பாங்க சார்."

"லாரிக்குச் சுத்தறோம், புது வீட்டுக்குச் சுத்தறோம். ராக்கெட்டுக்கு மட்டும் கண்ணு படாதாய்யா?"

எடிட்டரே சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் காட்சி இருந்தால் படமே வேண்டாம் என்றது கம்பெனி. ஐயா வெகுநேரம் மலையைப் பார்த்தபடி மாடியில் நின்றார். கண்ணை மூடுவதற்குள் நாலு பேர் தன் படத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. இறங்கி வந்து, "எடுத்துடுங்க" என்றார்.

அதோடு நிற்கவில்லை. வழியனுப்பும் காட்சி போனதும், கடைசியில் பையன் திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்வது ஒட்டவில்லை. "இந்தம்மா யாருன்னே பார்க்கறவங்களுக்குத் தெரியாதே சார்" என்று தயங்கித் தயங்கி எடிட்டர் அதையும் எடுத்தார்.

புதுப் படத்தை எங்கள் டிவியில் போட்டுப் பார்த்தோம். ராக்கெட் போனது. வானத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"என்னங்கய்யா, அந்தப் புள்ள வரவே இல்லியே?" என்றாள் என் மனைவி.

"எப்படிம்மா வருவான்? சுத்திப் போட ஆள் இல்லையே" என்றார் ஐயா, சிரிக்கிற மாதிரி. அப்புறம் மாடிப்படிச் சுவரைக் கையால் தடவித் தடவி ஏறிப் போனார்.

வெளிநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்களாம். "சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார் ஐயா.

இப்போது ஐயாவும் இல்லை. பழைய படச்சுருளும் கெட்டுப்போய்விட்டது. கம்ப்யூட்டரிலும் வெட்டிச் சுருக்கிய படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று எல்லோர் போனிலும் ஓடுவது அதுதான்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொன்னால், நீளம் என்று அந்த அம்மாளை விட்டுவிடாதீர்கள். பையன் வீடு திரும்பினான் என்று சொல்லுங்கள்.