இரண்டாவது ஆள்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் 'கொக்கி' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கோ நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை ஃபோனில் பிடித்து, பேசிப் பேசிக் கரைத்து, அந்த வேலையை விட வைத்துத் தன் கம்பெனிக்குக் கூட்டிவருவதுதான் அவள் தொழில். கம்ப்யூட்டர் துறையில் பத்து வருடமாவது பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான் வேண்டும். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் அவளுக்கு வேண்டாம். பதினாறு வருடமாக இதே வேலை, இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். இரண்டு பேருமே அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துப் பிழைக்கிறோம் என்று அவளைக் கேலி செய்வேன். இப்போது அந்தக் கேலியை நான் செய்வதில்லை.

அக்கா, மாமா, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமா என்றால் அக்காவின் கணவர். வாரத்தில் மூன்று நாள் அவள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள். ஃப்ரிட்ஜுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் லேப்டாப். அவள் பேசும்போது மெஷினைப் போடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, தும்மக்கூடக் கூடாது. அவள் கம்பெனி இரண்டே வருடத்தில் முந்நூறு பேரிலிருந்து இரண்டாயிரம் பேராக வீங்கிவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இத்தனை ஆள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். முந்தின வாரப் பட்டியலே பாதி மிச்சம் இருக்கும்.

அனுபவசாலிகளிடம் ஒரு தொல்லை உண்டு. வருகிறேன் என்று தலையாட்டி வேலைக் கடிதத்தை வாங்கிக்கொள்வார்கள். அதையே பழைய இடத்தில் நீட்டிச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் கம்பி நீட்டிவிடுவார்கள். மூன்று மாதம் காத்திருந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். அதனால் அக்காவின் கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முக்கியமான ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு பேருக்குக் கடிதம் போகும். முதல் ஆள், இரண்டாவது ஆள். இருவருக்கும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து. யார் எந்த ஆள் என்பது அக்காவின் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். எப்படியும் ஒருவர் நழுவிவிடுவார், மற்றவர் வந்து உட்கார்ந்துவிடுவார், யாருக்கும் எதுவும் தெரியாது. 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்' என்று ஒருவர் இழுக்கிற இழுப்பிலேயே அவர் வருவாரா மாட்டாரா என்று அக்கா சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பிசகியதே இல்லை.

போன வருடம் தகவல் சேமிப்பைக் கவனிக்கிற பெரிய பொறுப்பு ஒன்றுக்கு அவள் பிடித்த இரண்டாவது ஆளை நாங்கள் வீட்டில் 'பதினேழு வருஷக்காரர்' என்போம். ஒரே கம்பெனியில் பதினேழு வருடம் இருந்தவர். அப்படி ஒரு ஜென்மத்தை அக்கா தன் தொழிலில் பார்த்ததே இல்லை. ரொம்ப ஒழுங்கு. ஃபோனில் எது பேசினாலும் பத்தாவது நிமிடம், 'நாம் இன்று பேசியதன்படி' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதி மெயில் அனுப்பிவிடுவார். அக்காவும் மாமாவும் அதைப் படித்துச் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவர் சுலபத்தில் அசையவில்லை. மகள் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள், இந்த நேரத்தில் இடம் மாறலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த வேலை நிச்சயம்தானா என்றும் கேட்டார். கடைசியில் ஒரு நாள், "மேடம், நான் பேப்பர் போட்டுடலாமா?" என்றார். ராஜினாமா கொடுப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அக்கா கையிலிருந்த காபியைக்கூடக் கீழே வைக்காமல், "தைரியமா போடுங்க சார்" என்றாள்.

முதல் ஆள் ஒரு சுறுசுறுப்பான பையன். கையில் மூன்று கம்பெனிக் கடிதம் வைத்திருந்தான். அவன் வரமாட்டான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். அவனோ குறித்த நாளில், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மற்ற இரண்டு கம்பெனிகளும் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன, அவனுக்குப் போக்கிடம் இல்லை. அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

பதினேழு வருஷக்காரர் பழைய இடத்திலிருந்து கிளம்ப அப்போது பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அங்கே அவரை விட மனமில்லை, இருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதையும் அவர் மெயிலில் எழுதியிருந்தார். உண்மையை அப்போதே சொன்னால் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மனிதர் பிழைத்துப்போவார். ஆனால் அக்காவின் மேலாளர் சொன்னது வேறு. இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு இடம் காலியாகலாம், அதுவரை ஆளை விடாதே, சேரும் தேதி தள்ளிப்போகிறது என்று சொல், வாராவாரம் பேசிச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள் என்றார்.

என் ஃபோனில் கூப்பிட்டு அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று நான் நீட்டினேன். கம்பெனி ஃபோனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"உன் ஃபோன்ல பேசினாலும் ஒண்ணுதான்டி. வச்ச பத்தாவது நிமிஷம், நாம் இன்று பேசியதன்படின்னு கம்பெனிக்கே மெயில் போட்டுடுவாரு."

"போட்டா போடட்டும். வேலைய விட்டுட்டு வேற எங்கயாவது பாரு."

"எங்க போறது? நோட்டீஸ் மூணு மாசம். என்னை மாதிரி ஆளுக்கு எவன் மூணு மாசம் காத்திருப்பான்? அந்த விதிய எழுதினதே நான்தான்."

ஆட்கள் ஓடாமல் இருக்க, ராஜினாமா கொடுத்த பிறகும் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதித் தந்த விதி அது. அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. மாமா. அவரையும் தன் கம்பெனிக்கே இழுத்துப் போட்டவள் அக்காதான், ஆள் சேர்த்துவிட்டதற்குப் பரிசாக அவளுக்கு ஒரு சூட்கேஸ்கூடக் கொடுத்தார்கள். இவள் பெயர் கெட்டால் மாமாவின் தலையும் உருளும். மாமா நல்லவர்தான், ஆனால் அன்று அவர் சாப்பிட்ட தட்டை விட்டு நிமிரவே இல்லை. ஊரில் யாரோ ஒருவருக்காக நாம் ஏன் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று தட்டைப் பார்த்தே கேட்டார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் யோசித்தபோது, வீட்டு வாடகையில் என் பங்கு கால்வாசிகூடக் கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாளும் போயின. கடைசி நாளன்று பதினேழு வருஷக்காரரே கூப்பிட்டு, பிரிவு விழாவில் எல்லோரும் அழுதார்கள், தனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது என்றார். தேதி தள்ளிப்போகிறது என்று அக்கா அப்போதுதான் மென்று முழுங்கிச் சொன்னாள். பெரிய கம்பெனியென்றால் அப்படித்தான் இருக்கும் மேடம் என்று அவர்தான் அவளைத் தேற்றினார்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொரு மணிக்கு அக்கா அவரைக் கூப்பிடுவாள், சிரித்த குரலில் பேசுவாள், முடித்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவருடைய மெயில் தவறாமல் வரும், கடைசி வரியில் 'தங்கள் அக்கறைக்கு நன்றி' என்று இருக்கும். இப்போது அதைப் படித்து யாரும் சிரிப்பதில்லை. எத்தனை நாள்தான் இப்படி ஏமாற்றுவாய் என்று ஒரு நாள் கத்தினேன். நான் என்ன ஆசைப்பட்டா செய்கிறேன் என்று அவள் திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாவது வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு பேசினாள். இந்தத் தடவை அவரிடம் ஒரு செய்தி இருந்தது. வேறொரு கம்பெனியில் கூப்பிட்டுப் பேசி, வேலைக் கடிதமே அனுப்பிவிட்டார்களாம், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன் மேடம்" என்றார் அவர். "வீட்ல திட்டுறாங்க. ஆனா உங்ககிட்ட ஒத்துக்கிட்டேன்ல. நீங்களும் வாராவாரம் விசாரிக்கிறீங்க."

அங்கேயே போங்கள் சார் என்று அக்கா சொன்னாள். அவர் கேட்கவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார், ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்றார். அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். கம்பெனி ஃபோன்தான், பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சார், இங்க உங்களுக்கு இடம் கிடையாது. ஒரு இடத்துக்கு ரெண்டு பேருக்குக் கடிதம் குடுப்போம். நீங்க ரெண்டாவது ஆள். முதல் ஆள் வந்து சேர்ந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது."

ஃபோனை வைத்துவிட்டாரோ என்று நான் குனிந்து திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"தைரியமா போடுங்கன்னு சொன்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அக்கா வாங்கிக்கொண்டிருப்பாள், தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும் கேட்கிற அதே நிதானத்தில் கேட்டார்.

"இப்ப கடிதம் குடுத்திருக்காங்களே, அங்க நான் முதல் ஆளா, ரெண்டாவது ஆளா? அத எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

அக்கா கட்டியிருந்த கைகளைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"கண்டுபிடிக்க முடியாது சார்."

"நேரா கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"நீங்க என்கிட்ட நேராத்தானே கேட்டீங்க" என்றாள் அக்கா. "நான் சொன்னேனா?"