நாற்பதுக்குப் பதில் முப்பத்தெட்டு

மரிய செலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து, அப்பா சவரிநாதனை வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று நாள் ஆகிறது. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இவள்தான் கூடத்துக்கும் தெருவாசலுக்கும் நடையாய் நடக்கிறாள்.

துகள் இயற்பியல் என்றால் கரும்பலகையில் கணக்குப் போடுவது என்று ஊர் நினைக்கிறது. அட போங்கப்பா! செலின் பார்த்ததில் பாதி பிளம்பர் வேலை. பதினோரு வருடமாக அயல்நாட்டுச் சுரங்கங்களில் கேபிள் இழுத்தாள், சோப்புத் தண்ணீர் தடவி வாயுக் கசிவு தேடினாள், வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள். எல்லாம் ஒரே ஒரு துகளுக்காக. அது இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. துகள் தெரியக்கூடிய இடத்தை வரைபடத்தில் மறைத்துவிட வேண்டும். கருவி எடுத்த பதிவுகளில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று விதிகளை முடிவுசெய்து பூட்டிய பிறகே, எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசை கையை இழுத்துவிடும். திறக்கும் நாள் வரும் வியாழன். போன வாரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பில் புரோகிராமைச் சோதித்தபோது, அப்பாவின் டோக்கனைக் கூப்பிட்ட அவசரத்தில், மறைக்கும் வரியைப் போட மறந்துவிட்டாள்.

மறைத்திருக்க வேண்டிய இடத்தில், துகள் இருந்தால் வரைபடக் கோட்டில் எழும் ஒரு மேடு நின்றது. பதினோரு வருடம் தேடிய அதே மேடு. பார்த்தது யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் வியாழக்கிழமை பேர் கிடைக்கும், பின்னாலேயே நிரந்தர வேலையும் வரும்.

தவக்காலத்தில் மாதா கோயில் சுரூபங்களை மூடும் ஊதாத் துணிக்கு அம்மா அன்னாமேரி ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மகளின் நடையைப் பார்த்து என்னவென்று கேட்டாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதாக மட்டும் செலின் சொன்னாள்.

“தெரியாமத்தான பாத்த? பாத்தப்புறம் எதையும் மாத்தலியே?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்த மறுநாள், பதிவுகளைக் கழிக்கும் ஓர் அளவை நாற்பதிலிருந்து முப்பத்தெட்டாகக் குறைத்திருந்தாள். காரணமும் பிரமாதமாக எழுதியிருந்தாள். அந்த இரண்டைக் குறைத்ததில் மேடு இன்னும் உயர்ந்திருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. அவளுக்கே தெரியாமல் ஆசை கையை இழுத்திருந்தது.

ஆய்வுக் குழுத் தலைவர் ராஜ்மோகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அளவை எந்தத் தேதியில் மாற்றினாள் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, புதிதாகச் சேரும் பதிவுகளை வைத்து, குழுவிலுள்ள அரிகரன் முதலிலிருந்து தொடங்குவான், இரண்டு வருடம் ஆகும், நீ அதில் கைவைக்காதே, கண்டதை அதுவரை யாரிடமும் சொல்லாதே என்றார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதாள்.

அன்னாமேரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“அப்டி இன்னாதான்டி பாத்த?”

“சொல்லக் கூடாதும்மா. ரெண்டு வருசம்.”

“நல்லதா கெட்டதான்னாவது சொல்லேன்.”

“அதத்தாம்மா சொல்லக் கூடாது” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, செலின் மறுபடி தெருவாசலுக்கு நடந்தாள்.