அந்த ஊசி யாருக்கு?

நாங்கள் டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் போடச் சொன்னார் எங்கள் டொக்டர். அப்போது வயதுக்கு வந்த மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் என் கணவரின் அக்கா.

"அது ஊர் சுத்துற பிள்ளையளுக்குப் போடுற ஊசி. எங்கட பிள்ளைக்கு ஏன்? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார் மச்சாள். என் கணவரும் தலையாட்டினார். ஊசி தள்ளிப்போனது. சடங்கு முடிந்த பிறகும் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருடம், வழக்கமான பரிசோதனையில் என் கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அப்படியே விட்டால் புற்றுநோயாகலாம் என்று சொல்லி, அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அந்த ஊசி தடுக்கும், உடலுறவில் தொற்றும் அதே கிருமிதான் காரணமாம்.

என்னைப் பார்க்க வந்த மச்சாள் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "உமக்கு எப்பிடி இது வந்தது?"

அந்தக் கேள்வியில் இரக்கம் துளியும் இல்லை. நான் வலியோடு எழுந்து உட்கார்ந்தேன்.

"உங்கட தம்பியைத் தவிர எனக்கு ஒருத்தரையும் தெரியாது, மச்சாள். அவர் ஹோலிலதான் இருக்கிறார். போய்க் கேளுங்கோ."

அவர் கேட்கவில்லை. கொண்டுவந்த கோழிச் சூப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உடம்பு தேறியதும் மகளைக் கூட்டிப்போய் ஊசி போடுவித்தேன். அந்தக் கிருமி ஆண்களுக்கும் தொற்றும் என்பதால், பிறகு மகனுக்கும் போட்டாயிற்று. இப்போது எந்தச் சாமத்தியவீட்டுக்குப் போனாலும், மச்சாள் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்காருகிறேன். அவர் ஊசிக் கதை எடுப்பதில்லை. நான்தான் எடுக்கிறேன்.